மயில்வாகனம் வீட்டு ட்ரையல் டிஸ்க்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார், எதிரே வீடியோ எடுக்கிறவனைத்தான் பார்ப்பார். "கை ஆடுது பாரு. லைட்டுக்கு எதிர்ல நிக்கறான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே மோர் ஊற்ற வேண்டிய சோற்றில் சாம்பாரை ஊற்றிக்கொள்வார். இருபத்தெட்டு வருஷமாக இதே கூத்துதான். இவரோடு ஒரு விசேஷத்துக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்ததாக எனக்கு நினைவே இல்லை.

பெயர் குமரகுரு. வயது ஐம்பத்து மூன்று. காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம் எங்கள் வீடு. அதன் முன்னறைதான் கடை. 'குமரன் டிஜிட்டல் மிக்ஸிங்' என்று வெளியே பலகை தொங்கும். அதில் இன்னமும் ஒரு வீடியோ கேசட் படம் இருக்கிறது. மாற்றுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "கேசட்டுதான் நமக்குச் சோறு போட்டுது, இருந்துட்டுப் போவட்டும்" என்பார்.

கேமரா தூக்கிக்கொண்டு போவது வேறு ஆட்கள். அவர்கள் எடுத்ததைக் கொண்டுவந்து இவரிடம் கொட்டிவிட்டுப் போவார்கள். பத்து மணி நேரப் படத்தை மூன்று மணி நேரமாக வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுப்பது இவர் வேலை. பத்தொன்பது வயது வரை பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அப்பாவோடு தறியில் இருந்தவர். அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. இரண்டு காட்சி சேருகிற இடம் துருத்திக்கொண்டு தெரிந்தால், "பாவு நூலு பிணைச்ச எடம் தெரியக்கூடாது நாயகி, தெரிஞ்சா புடவை வீணு" என்று முழுக்கக் கலைத்துவிட்டு மறுபடி உட்காருவார்.

நான் தென்னேரிக்காரி. எங்கள் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்தவரோடு உதவிக்கு வந்தார் இவர். ஒரு மாதம் கழித்து கேசட் வந்தது. வீடே உட்கார்ந்து பார்த்தோம். பாதி ஓடும்போது என் அண்ணன் கோதண்டபாணி, "இது யார் கல்யாணம்? பொண்ணைவிட நம்ம பெரியநாயகிதான் ஜாஸ்தி வருது" என்றான். நான் எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டேன். அவர்கள் தறிக்காரர்கள், நாங்கள் ஏர்க்காரர்கள். ஆறு மாதம் இரண்டு வீட்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் வாலாஜாபாத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம். ஊருக்கெல்லாம் கல்யாண வீடியோ போடுகிற மனுஷனுக்குச் சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இதைச் சொல்லிக் காட்டினால் மட்டும் எழுந்து முன்னறைக்குப் போய்விடுவார்.

இந்தக் காலத்தில் டிஸ்க் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆல்பப் பெட்டியில் டிஸ்க் வைக்கிற குழி இருக்கிறது, அதைக் காலியாக விட யாருக்கும் மனம் வருவதில்லை என்பது ஒன்று. இவருக்கு வேறு காரணம் இருந்தது. "பென் டிரைவ் குடுத்தா ஒரு மாசத்துல வூட்டுப் பையன் கல்யாணத்தை அழிச்சிட்டு சினிமா ஏத்திக்குவான். டிஸ்க்குல ஒரு வாட்டி எழுதினா எழுதினதுதான், யாராலயும் அழிக்க முடியாது" என்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவர் வேலையில் எனக்கும் பங்கு உண்டு. படம் முடிந்ததும் முதலில் ஒரு ட்ரையல் டிஸ்க் போடுவார். கம்ப்யூட்டரில் ஓடுவதை அவர் நம்புவதில்லை. எங்கள் ஹாலில் இருக்கிற பழைய டிவிடி பிளேயரில் அதைப் போட்டு, நான் ஆதியோடு அந்தமாகப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறது, எங்கே உதடும் பேச்சும் ஒட்டவில்லை, பத்திரிகையில் இருக்கிற பெயர் டைட்டிலில் சரியாக வந்திருக்கிறதா, மாப்பிள்ளையின் அத்தை போதுமான அளவு வந்திருக்கிறாளா எல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நான் பார்த்து முடித்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. நான் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டு நல்ல டிஸ்க் போடுவார். ட்ரையலோ நல்லதோ, மேலே மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுவது நான். உறையின் மூலையில் மஞ்சள் தடவுவது நான். செவ்வாய்க்கிழமையும் ராகு காலமும் தவிர்த்து, ஸ்கூட்டியில் கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பதும் நான்தான்.

ட்ரையல் டிஸ்க் அதற்குப் பிறகு எதற்கும் உதவாது. ஒரு கோணியில் போட்டு வைப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை என் அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போவான். கதிர் முற்றுகிற நேரத்தில் கழி நட்டு, கம்பி கட்டி, டிஸ்க்குகளைத் தொங்கவிட்டால் வெயிலில் பளிச் பளிச் என்று மின்னும், குருவி அண்டாது. காஞ்சிபுரத்துக் கல்யாணங்களில் பாதி தென்னேரி வயலில் தொங்குகின்றன என்று என் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

போன தை மாதம் பிள்ளையார்பாளையம் மயில்வாகனம் தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். அவர் தறிக்காரர், இவருக்குத் தெரிந்தவர். பெண்ணின் பெயர் பிரவீனா, பெங்களூரில் வேலை. முகூர்த்தப் புடவையை மயில்வாகனமும் அவர் மனைவி வடிவாம்பாளும் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் தறியிலேயே நெய்தார்கள். அரக்குக் கலர், கை அகல ஜரிகைக் கரை. டிவியில் பார்க்கும்போதே நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன், அத்தனை அழகு.

தாலி கட்டி, கெட்டிமேளம் அடங்கியது. அடுத்து மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைக்க வேண்டும். பெண்ணின் அப்பா வெள்ளிச் சிமிழைக் கையில் எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டுகிறார். கை நழுவுகிறது. சிமிழ் கவிழ்ந்து குங்குமம் மொத்தமும் பெண்ணின் மடியில் கொட்டுகிறது. மாப்பிள்ளையின் அம்மா முகம் செத்துப்போகிறது. பெண் அப்படியே விறைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

நான் அரிவாள்மணையை விட்டு எழுந்து முன்னறைக்கே போய்விட்டேன்.

"இன்னாங்க இது? குங்குமம் கொட்டறதை எவனாவது கல்யாண டிஸ்க்குல வெப்பானா?"

"அதுக்குப் பின்னாடி வர்றதைப் பாத்தியா நீ? பொண்ணோட அப்பா இன்னா சொல்றாருன்னு கேளு. எல்லாம் சிரிக்கறாங்க. நல்லாருக்குது நாயகி."

"ஒண்ணியும் கேக்க வேணாம். பொண்ணு வாழப் போற வூட்டுல இதைப் போட்டுப் பாத்துக்கினு குத்திக் காட்டவா? எடுத்துடுங்க."

பாவம், அவர் இரண்டு நாள் வைத்திருந்தார். நான் இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார். தாலி கட்டியதும் அட்சதை தூவுகிற கைகளைப் போட்டு, அங்கிருந்து நேரே குங்குமம் வைத்த நெற்றிக்கு வந்துவிட்டார். பிணைத்த இடம் தெரியவே இல்லை. பங்குனியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்த வடிவாம்பாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை மா, அதை எடுத்துட்டீங்க" என்றார். வழியெல்லாம் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் இவரிடம் சொல்லியும் காட்டினேன்.

ஆவணியில் மயில்வாகனம் போய்விட்டார். தறியிலிருந்து எழுந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் அந்தச் சிமிழ்தான் ஞாபகம் வந்தது. இவரிடம் மெல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"சிமிழு வழுக்கிச்சி, கொட்டிச்சி. அவுரு பிபி மாத்திரைய விட்டுட்டாரு, செத்துட்டாரு. ரெண்டுத்தையும் போட்டுப் பிணைக்காத."

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை பிரவீனா வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். மடியில் டிஸ்க் உறையை வைத்துக்கொண்டு, இவருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதுல அப்பா எங்க இருக்காருண்ணா?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

"மூணு மணி நேரம் பாத்துட்டேன். பந்தியில எல போடறாரு, முதுகுதான் தெரியுது. வாசல்ல யாரையோ கும்பிடறாரு, தூரத்துல. தாரை வாத்துக் குடுக்கறப்போ ஐயர் மறைக்கறாரு. பேசறா மாதிரி ஒரு எடம்கூட இல்ல. அவுரு வெச்சிருந்தது பட்டன் போனு, வாய்ஸ் மெசேஜும் கெடையாது. அப்பா குரல் எங்கக்கிட்ட எங்கியுமே இல்லண்ணா."

அவள் சொல்வது நிஜம்தான். எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான். ஆயிரம் கல்யாணம் பார்த்தவள் சொல்கிறேன், பெண்ணைப் பெற்றவன் தன் வீட்டுக் கல்யாண வீடியோவில் இருக்க மாட்டான். அவன் எங்காவது ஓடிக்கொண்டிருப்பான்.

"குங்குமம் கொட்டிச்சே, அப்போ என் பக்கத்துலயே குனிஞ்சி ஏதோ சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இன்னா சொன்னாருன்னு எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டேங்குது. எங்க வூட்டுக்காரருக்கும் நெனப்பில்ல. அம்மா அந்த நேரத்துல ஆரத்தித் தட்டு எடுக்கப் போயிட்டாங்க. எல்லார் போன்லயும் தேடிட்டேன். தாலி கட்டின உடனே எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்கண்ணா."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நான்தான் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

"நான்தாம்மா அதை எடுத்தேன். எல்லாம் சிரிச்சது ஞாபகம் இருக்குது, அவுரு சொன்ன வார்த்தை ஞாபகம் வரல" என்றார் இவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஒரிஜினல் இருக்குமாண்ணா?"

டெலிவரி கொடுத்து மூன்று மாதம் வரைக்கும்தான் ஒரிஜினலை வைத்திருப்பார். அடுத்த முகூர்த்தங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமே. சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. இருந்தாலும் கம்ப்யூட்டரில் தேடினார். கேமரா எடுத்த கலைவாணனுக்குப் போன் போட்டார். அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு முப்பது கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது என்றார் கலைவாணன். திங்கட்கிழமை காலை பெங்களூருக்குப் போக வேண்டும், அதற்குள் ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள் என்று பிரவீனா எழுந்துகொண்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் போனதும் கேட்டேன். "ஏங்க என் பேரைச் சொல்லல?"

"வெட்டினது என் கைதானே" என்றார். பிறகு வெகுநேரம் மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"நாயகி. நீ எழுந்து வந்து கத்தினியே, அது எதைப் பாத்து?"

"டிவியத்தான்."

"ட்ரையல் டிஸ்க்கு. அதுல அந்த எடம் இருக்குது."

அந்தக் கோணியை ஐப்பசியில்தான் அண்ணன் வந்து எடுத்துப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தோம். வாலாஜாபாத் தாண்டும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கோயிலுக்கு ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், எந்த முகத்தோடு வேண்டுவது என்று தெரியவில்லை. சாமி ஒன்றும் எடுக்கச் சொல்லவில்லையே, நான்தானே சொன்னேன்.

அண்ணன் வயல் ஏரிக்கரைக்குக் கீழே. கதிர் பழுத்து நின்றது. வரப்பு நெடுகக் கழிகள், கழிக்குக் கழி கம்பி, கம்பியில் வரிசையாக டிஸ்க்குகள். காலை வெயிலுக்குக் கண் கூசியது. எழுபது, எண்பது இருக்கும்.

"இன்னா மச்சான், கல்யாணம் பாக்க வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே வந்த அண்ணன், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர் வரப்பில் இறங்கினான்.

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தோம். எல்லாம் என் கையெழுத்து. ஆனால் மழையும் வெயிலும் பட்டு மார்க்கர் மை போயே போய்விட்டது. 'இல்லத் திரு' என்று ஒன்றில் இருக்கும், 'மணம்' இருக்காது. இவர் ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஊதா நிறமாக இருக்க வேண்டியது கண்ணாடிபோல வெளுத்திருந்தது.

"மேல தொங்கறது எதுவும் ஓடாது. வெயில் தின்னுடுச்சி" என்றார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அண்ணன், கம்பி தீர்ந்துபோனதால் பாதிக் கோணி மோட்டார் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது என்றான். முதலில் சொல்லித் தொலைக்கக் கூடாதா? அண்ணன் என்றும் பாராமல் நன்றாகத் திட்டிவிட்டேன்.

கோணியைத் தரையில் கவிழ்த்தோம். நிழலில் இருந்ததால் எழுத்து எல்லாம் நேற்று எழுதினதுபோல் இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து வைத்தேன். 'மயில்வாகனம் இல்லத் திருமணம். ட்ரையல்.' எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணு" என்றார்.

எழுத்துக்குக் கீழே நானே போட்ட எண். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு டிஸ்க் வரும்; ஒன்று என்றால் முந்தைய நாள் ரிசப்ஷன். முகூர்த்தம் இரண்டில். கோணியில் மீதி இருந்ததையெல்லாம் இரண்டு தடவை புரட்டினோம். இரண்டு இல்லை. அப்படியானால் அது வெளியே வெயிலில் தொங்குகிறது என்று அர்த்தம். இவர் டிஸ்க்குகளைத் திரும்பக் கோணியில் அடுக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல், "டீ குடிங்கபா, ஃப்ளாஸ்க்குல இருக்குது" என்று சுவிட்சு போர்டுக்குக் கீழே இருந்த திண்டிலிருந்து தன் டம்ளரை எடுத்தான்.

டம்ளருக்குக் கீழே ஒரு டிஸ்க் இருந்தது. வட்டம் வட்டமாக டீக்கறை. ஒரு கறைக்குள் என் கையெழுத்தில் 'வாகனம்' என்று தெரிந்தது.

"அண்ணா, அது இன்னா?"

"இதுவா? சிமெண்டுல வெச்சா டீ ஆறிப் பூடுதுன்னு டம்ளர் வெக்கறதுக்குப் போட்டுக்கினேன்" என்றான் அந்தப் புண்ணியவான்.

இவர் அதை எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். 'இரண்டு' என்று இருந்தது. திருப்பினார். கீறல்தான், ஏகப்பட்ட கீறல், ஆனால் ஊதா நிறம் போகவில்லை. போர்வெல் தண்ணீரில் அலம்பி, தன் சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர் நேராகத் துடைத்தார். சுற்றித் துடைத்தால் கீறல் கூடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

மீதிக் கோணியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டார். அது கர் கர் என்று சுற்றிவிட்டு டிஸ்க்கே இல்லை என்றது. மறுபடி போட்டார், மறுபடி அதே. எழுந்து ஹாலுக்கு வந்து பழைய பிளேயரில் வைத்து மூடினார். ஒரு நிமிஷம் டிவியில் நீலம்தான். பிறகு பிள்ளையார் வந்தார். எந்தக் கல்யாண டிஸ்க்கிலும் முதலில் அவர் போடுகிற அதே பிள்ளையார். ஆயிரம் தடவை பார்த்துச் சலித்துப்போன அந்தப் படத்தைப் பார்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ரிமோட்டில் தாண்டித் தாண்டி மாங்கல்யத்துக்குப் போனார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது, நின்றது, நகர்ந்தது. கெட்டிமேளம் விட்டு விட்டு வந்தது. சிமிழ் நழுவும் இடத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நாலு விநாடி. பிறகு தானாக ஓடியது. முகூர்த்த நேரத்தில் மட்டும் இவர் பாட்டுப் போட மாட்டார், நடந்த சத்தத்தை அப்படியே விட்டுவிடுவார். அதனால் அந்தக் குரல் அப்படியே இருந்தது. உடைந்த கட்டங்களுக்குள்ளிருந்து, தெளிவாக, ஒரு மனுஷன் பேசினார்.

இவர் பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து, மூன்று தடவை ஓடவிட்டு, மூன்று தடவையும் பதிந்துகொண்டார். ஒரு தடவை உடைந்த இடம் மறு தடவை நன்றாக வந்தது. நல்லதை நல்லதோடு சேர்த்துப் பிணைத்தார். முடித்ததும் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அப்பாடா" என்ற ஒரு சொல்தான் வந்தது. நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மத்தியானம் பிரவீனாவும் வடிவாம்பாள் அம்மாவும் வந்தார்கள். டிவிக்கு எதிரே பாயில் உட்கார வைத்தோம். அம்மாவின் கண் திரையில் இல்லை, எங்கேயோ இருந்தது. ஆவணியிலிருந்தே இப்படித்தான், பேச்சே இல்லை என்று பிரவீனா என் காதில் சொன்னாள். இவர் பட்டனை அழுத்தினார்.

சிமிழ் நழுவியது. குங்குமம் கொட்டியது. பெண் விறைத்தாள். மயில்வாகனம் அவள் பக்கம் குனிந்தார், மடியில் கிடந்த சிமிழை எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அட, இதுக்கு ஏம்மா மூஞ்ச அப்படி வெச்சிக்கினு இருக்குற? உங்கப்பன் கை ஆடும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் அரக்குக் கலர் ஏத்தினேன். கொட்டினது எதனா தெரியுதா பாரு!"

மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, அதற்குள் எழுந்து போய்விட்டேன். பிரவீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வடிவாம்பாள் அம்மா திரும்பி இவரைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி போடுபா."

போட்டார். அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் திடீரென்று குரல் உயர்ந்தது.

"பொய்யி! பச்சைப் பொய்யி! அரக்கு எடுத்தது நானு! இந்த மனுசன் மாம்பழ மஞ்சதான் ஏத்துவேன்னு பத்து நாளு என்னாண்ட சண்டை போட்டுக்கினு இருந்தாரு! எப்படிப் பேசறாரு பாரு, சபையில, நான் இல்லாத நேரமாப் பாத்து!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தார். பிரவீனா அம்மாவின் மடியில் விழுந்து அவளும் சிரித்தாள். "அம்மா, பேசிட்டியாமா, பேசிட்டியா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கும் வாய் திறந்தது. "அம்மா, அதை எடுக்கச் சொன்னது அவுரு இல்ல. நானு. அவுரு வேணாம்னுதான் சொன்னாரு" என்றேன்.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் நல்லவேளைன்னுதானே மா சொன்னேன்" என்றார். அதோடு முடிந்தது. நான் காபி போடப் போனேன்.

டிஸ்க்கில் வேண்டுமா, பென் டிரைவிலா, போனிலா என்று இவர் கேட்டார். "எல்லாத்துலயும் குடுங்கண்ணா" என்றாள் பிரவீனா. இதைத் தனியாகப் போட்டுத் தரட்டுமா, கல்யாண டிஸ்க்கிலேயே சேர்க்கட்டுமா என்று கேட்டார்.

பதில் சொன்னது அம்மா. "எங்க இருந்துச்சோ, அங்கியே வை பா."

மாலைக்குள் புது டிஸ்க் தயார். பெயர் எழுத மார்க்கரை எடுத்தேன். டீக்கறை படிந்த பழைய டிஸ்க் மேசை மேலேயே இருந்தது. ராத்திரி அண்ணன் போன் செய்து, டம்ளர் வைக்க ஒன்றுமில்லை, வேறு டிஸ்க் கொடுத்தனுப்பு என்றான். கடையில் புதுப் பெட்டியைப் பிரித்து, யார் கல்யாணமும் எழுதாத வெற்று டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தேன்.